ரிலே போர்டு பதில் சொல்கிறது, விளக்கு எரியவில்லை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஈரோட்டுக்காரர்:

வைஃபை சுவிட்சை நம்பாமல் ஒயரிலேயே வீட்டை ஓட்டுபவர்களுக்காக இது. எங்கள் வீட்டில் டிபி பெட்டிக்குள் (வீட்டுக்கு மின்சாரம் பிரியும் பெட்டி) எட்டு ரிலே, அதாவது கட்டளையால் ஆன், ஆஃப் ஆகும் சுவிட்ச், கொண்ட மோட்பஸ் போர்டுகள். மினி பிசியில் வீட்டை இயக்கும் மென்பொருளான ஹோம் அசிஸ்டென்ட், அதில் ஒரு யுஎஸ்பி ஆர்எஸ்-485 கன்வர்ட்டர் (கணினியின் கட்டளையை இரண்டு ஒயரில் போகும் சிக்னலாக மாற்றுவது), அங்கிருந்து கேட்-6 கேபிளில் ஒரு ஜோடி ஒயர் போர்டு போர்டாகத் தொட்டுக்கொண்டு போகிறது.

மோட்பஸ் என்பது கருவிகள் ஒயரில் பேசிக்கொள்ளும் முறை, 1979-ல் மோடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காக (தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டும் கணினிகள்) கொண்டுவந்தது. பழசுதான், ஆனால் உள்ளே ஒளிவுமறைவே கிடையாது. முதல் ரிலேவை ஆன் செய்ய எட்டு பைட் (0 முதல் 255 வரை உள்ள எண்) போதும். சாதாரண எண்ணில் எழுதினால் 1, 5, 0, 0, 255, 0, 140, 58. முதல் 1 போர்டின் முகவரி. 5 என்றால் ‘ஒரு ரிலேவை மாற்று’. அடுத்த இரண்டு சைபரும் எந்த ரிலே என்பது. மேனுவலில் 1 என்று போட்டிருப்பார்கள், ஒயரில் 0 என்றுதான் போக வேண்டும். 255, 0 ஆன். 0, 0 ஆஃப். கடைசி இரண்டும் சிஆர்சி, செய்தி வழியில் கெடவில்லையா என்று சரிபார்க்கும் எண். அது ஒத்துவராவிட்டால் போர்டு வாயே திறக்காது.

சொன்னதைச் செய்துவிட்டால் அதே எட்டு பைட்டை அப்படியே திருப்பி அனுப்பும். வில்லங்கம் இங்கேதான். போன மழையில் இடி இறங்கி கன்வர்ட்டர் போய்விட்டது. கடையில் கிடைத்த வேறொன்றை வாங்கி மாட்டினேன். மொட்டைமாடி போர்டுக்குக் கட்டளை அனுப்பினால் பதில் சரியாக வருகிறது, ரிலே மட்டும் ‘டிக்’ என்று அடிக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற அத்தை பையன், “பதில் வருதே மாப்ள, அப்ப போர்டு நல்லாத்தானே இருக்கு?” என்றான். கன்வர்ட்டரிலிருந்து ஏ, பி என்ற அந்த இரண்டு ஒயரையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி அனுப்பினேன். அப்போதும் பதில் வந்தது!

புது கன்வர்ட்டர் தான் அனுப்புவதைத் தானே கேட்டு நமக்குத் திருப்பிக் கொடுக்கிறது. போர்டும் இடியிலேயே செத்திருக்கிறது. கட்டளையும் பதிலும் ஒரே மாதிரி இருப்பதால் மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதனால் இப்போதெல்லாம் எந்தப் போர்டையும் 5-ஆம் எண் கட்டளையால் சோதிப்பதில்லை. 1-ஆம் எண் கட்டளையால் நிலையைப் படிக்கச் சொல்கிறேன். 1, 1, 0, 0, 0, 8 என்று (கடைசியில் சிஆர்சியும் சேர்த்து) கேட்டால், உயிரோடு இருக்கும் போர்டின் பதில் 1, 1, 1 என்று தொடங்கி, அடுத்த பைட்டில் எட்டு ரிலேயின் நிலையையும் சொல்லும். கேள்வியும் பதிலும் வேறு வேறு, எதிரொலி ஏமாற்ற முடியாது.

சோழிங்கநல்லூர்:

அண்ணே, உங்கள் போர்டு செத்துப்போய் ஏமாற்றியது. எங்களுடையது உயிரோடு இருந்தே ஏமாற்றியது. ஹால் சீலிங்கில் எல்இடி பேனல்கள், எல்லாம் ஒரே ரிலேயில். ஆஃப் கட்டளைக்குப் பதில் வருகிறது, நிலையைப் படித்தாலும் ஆஃப் என்கிறது, போர்டில் ரிலேக்கான சின்ன விளக்குகூட அணைந்துவிட்டது. ஹால் மட்டும் பளிச்சென்று எரிகிறது. ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ரிலே தலையில் லேசாக ஒரு தட்டு தட்டினேன், அணைந்தது.

ரிலேக்குள் சேர்ந்து பிரியும் உலோக முனை, அதாவது காண்டாக்ட், ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்இடி டிரைவருக்குள் (விளக்குக்கு ஏற்ற கரண்ட் கொடுக்கும் பெட்டி) இருக்கும் கெபாசிட்டர், ஆன் செய்யும் அந்த ஒரு நொடித்துளியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ரிலே மேல் ‘10 ஆம்பியர்’ என்று அச்சடித்திருப்பது இந்த அடிக்கு அல்ல. டிரைவர்களைப் பல ரிலேக்களுக்குப் பிரித்துவிட்டேன், பெரிய லோடுகளுக்குக் கான்டாக்டர் (அதிக கரண்ட் தாங்கும் பெரிய ரிலே). போர்டு படித்துச் சொல்லும் நிலை காயிலின், அதாவது காண்டாக்டை இழுக்கும் காந்தச் சுருளின் நிலைதான், காண்டாக்டின் நிலை அதற்குத் தெரியவே தெரியாது. விளக்கு நிஜமாக எரிகிறதா என்று வேண்டுமென்றால் லைனில் கரண்ட் சென்சார் போட்டுத்தான் ஆக வேண்டும். எல்லா விளக்குக்கும் அது வீண் செலவு, போர்வெல் மோட்டாருக்கு மட்டும் கட்டாயம் போடுங்கள்.

துபாயிலிருந்து ஒரு வயர்மேன்:

இங்கே வில்லாக்களில் விளக்குக்கு டாலி (விளக்குகளுக்கென்றே உள்ள ஒயர் கட்டுப்பாட்டு முறை) நிறையப் போடுகிறோம். இரண்டு ஒயர், ஏ-பி மாறினாலும் கவலையில்லை, ஒரு லைனில் 64 டிரைவர் வரை. ஆனால் அதன் குணமே வேறு. ஆன், ஆஃப், மங்கலாக்கு என்று எதைச் சொன்னாலும் டிரைவர் பதில் பேசாது, செய்துவிட்டு சும்மா இருக்கும். கேள்வி கேட்டால்தான் பேசும். அதிலும் ‘ஆம்’ என்றால் 255 வரும். ‘இல்லை’ என்பதற்கு மௌனம்தான் பதில். “விளக்கு பழுதா?” என்று கேட்டு எதுவும் வராவிட்டால் பழுதில்லை என்றும் அர்த்தம், ஒயரே அறுந்திருக்கிறது என்றும் அர்த்தம். நான் முதலில் இப்போதைய ஒளி அளவைக் கேட்பேன். அதற்கு ஒரு எண் வந்தாக வேண்டும், வந்தால் டிரைவர் இருக்கிறது.

இன்னொன்று, சொந்தமாக ஸ்க்ரிப்ட் எழுதுபவர்களுக்கு. குழுவில் சேர்ப்பது, அதிகபட்ச ஒளியை மாற்றுவது போன்ற அமைப்புக் கட்டளைகளை 100 மில்லிவினாடிக்குள் இரண்டு முறை அனுப்ப வேண்டும். லைனில் ஏதோ இரைச்சல் வந்து டிரைவரின் அமைப்பு மாறிவிடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. ஒரு வீட்டில் யாரோ எழுதிவைத்த ஸ்க்ரிப்ட் இரண்டுக்கும் நடுவே அரை வினாடி விட்டிருந்தது. ஆன், ஆஃப் எல்லாம் அருமையாக வேலை செய்கிறது, குழு மட்டும் அமையவே இல்லை. பிழைச் செய்தி எதுவும் வராது, டிரைவர் கண்டுகொள்ளாது, அவ்வளவுதான்.

ஈரோட்டுக்காரர்:

மௌனத்தையே பதிலாக வைத்தது யாருடைய யோசனையோ! சரி, பதில் தொலைந்துபோவது பற்றி நானும் ஒன்று சேர்க்கிறேன். சில ரிலே போர்டுகளில் 255-க்குப் பதில் 85 அனுப்பினால் நிலை புரளும், ஆன் ஆஃப் ஆகும், ஆஃப் ஆன் ஆகும். மோட்பஸ் விதியில் அது கிடையாது, தயாரிப்பாளர் சேர்த்த வசதி. சுவர் பொத்தானுக்கு வசதியாகத்தான் தோன்றும். ஆனால் போர்டு ரிலேவைப் புரட்டிய பிறகு பதில் மட்டும் வழியில் கெட்டால், மென்பொருள் ‘போகவில்லை போல’ என்று மறுபடி அனுப்பும், விளக்கு எரிந்த வேகத்தில் அணையும். ஆன் என்று பத்து முறை சொன்னாலும் ஆன்தான். புரட்டும் வேலையை மென்பொருளிடம் விட்டுவிட்டு, ஒயரில் ஆன் அல்லது ஆஃப் மட்டும் அனுப்புங்கள்.

சோழிங்கநல்லூர் தம்பி, அந்த மோட்டார் சென்சார் எந்த வகை, டிபி பெட்டிக்குள் அடங்குமா?