புதுப்பிப்பு: ஆகும்பே எறும்புச் சிலந்தி எதுன்னு தெரிஞ்சுது

கர்நாடகாவுல இருக்கற ஆகும்பே காட்டுல எடுத்த, முசுறு எறும்பு மாதிரியே இருந்த சிலந்தி படத்தைப் போட்டு, இது எந்த இனம்னு முன்னாடி கேட்டிருந்தேன். பாதிப் பேர் மிர்மராக்னே (குதிக்கும் சிலந்தி வகை), மீதிப் பேர் அமிசியா ஃபார்டிசெப்ஸ் (நண்டுச் சிலந்தி வகை)னு சொன்னீங்க. அமிசியாதான்.

முடிவு பண்ணது வயிற்றுப் பகுதியைப் பெருசாக்கிப் பார்த்தப்புறம். பின்நுனியில ரெண்டு கறுப்புப் புள்ளி, அப்படியே எறும்புக் கண். அதாவது நாம "தலை"ன்னு நினைச்ச பக்கம் வயிறு! நிஜத் தலையில இருந்த கண்களோ பொடிப்பொடியா இருந்துச்சு. மிர்மராக்னே குதிக்கும் சிலந்தி. முன்னாடி ரெண்டு கண்ணு லாரி ஹெட்லைட் மாதிரி முழிச்சுப் பார்க்கும், இடுப்பும் ஒடுங்கியிருக்கும். ஆணா இருந்தா நீளமா நீட்டிக்கிட்டிருக்கும் தாடையே காட்டிக்கொடுத்துடும். முன்னங்காலைத் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டுறது ரெண்டுக்கும் உண்டு, அதை வச்சு எதுவும் சொல்ல முடியாது.

பழைய கையேடு வச்சிருக்கறவங்களுக்கு: அதுல மிர்மராக்னே பிளாட்டலியாய்டெஸ்னு இருக்கற, முசுறு வேஷம் போடுற குதிக்கும் சிலந்திக்கு 2016-லிருந்து மிர்மபிளேட்டா பிளாட்டலியாய்டெஸ்னு பேரு.

அமிசியா முசுறையே வேட்டையாடும். கடிச்சதும் நூல்ல தொங்கிடும், மத்த எறும்புங்க வந்து மொய்க்காம இருக்க. கில்லாடி!

படத்துல இருக்கறது ஆணா பெண்ணான்னு கேட்ட ஜெயநகர் நண்பருக்கு: வாய்ப்பக்கத்து உணர்காலோட நுனி தெளிவா விழலை, அதனால சொல்ல முடியலை. அது குத்துச்சண்டை கையுறை மாதிரி உப்பியிருந்தா வளர்ந்த ஆண்.

பெங்களூர்லயும் முசுறு கூடு இருக்கற மாமரத்துல தேடலாம். ஞாயித்துக்கிழமை காலையில லால்பாக் வர்றவங்க சொல்லுங்க, மேக்ரோ லென்ஸ் நான் கொண்டு வர்றேன்.