பத்தில் ஒரு கிரெயின்: மேல்மலைக்காரருக்கு ஒரு பதில்

அருவங்காட்டுத் தாத்தா:
நேற்று "வெளிநாட்டு அனுபவம்" இழையில் மேல்மலைக்காரர் ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார். அமெரிக்காவில் ஐடஹோவில் மச்சான் வீட்டில் இரண்டு வருடம் இருந்தாராம். அங்கே வயலில் வளை தோண்டும் தரை அணில்களைச் சுட .223 ரைஃபிளுக்குத் தாங்களே தோட்டா கெட்டிப்பார்களாம், அதாவது காலி உறையில் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு மேலே குண்டை வைப்பது. அதிலிருந்து அவர் கண்டுபிடித்த ரகசியம் இது: "மருந்தைப் பத்தில் ஒரு கிரெயின் பிசகாமல் நிறுத்துப் போடுங்கள், குண்டு எதுவாக இருந்தாலும் ஒரே ஓட்டையில் இறங்கும்." இதோடு நிறுத்தியிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். "வெடிமருந்து ஃபேக்டரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீலகிரிக்காரர்களுக்கு மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை" என்று ஒரு வால் வேறு.

தம்பி, ஒரு கிரெயின் என்பது 64.8 மில்லிகிராம். அதில் பத்தில் ஒன்று ஆறரை மில்லிகிராம். ஒரு பொன்னி அரிசியில் ஏறக்குறைய பாதி. அந்த அரை அரிசியால் வேகம் வினாடிக்குப் பத்து அடி கூடும் அல்லது குறையும், மொத்த வேகமே மூவாயிரத்துச் சொச்சம் அடி. 100 கெஜத்தில் அது காகிதத்தில் தெரியவே தெரியாது. 31 வருடம் மருந்து வாசனையில் சோறு தின்றவன் சொல்கிறேன், முதலில் குண்டைப் பாருங்கள், மருந்தை அப்புறம் பார்க்கலாம்.

மேல்மலைக்காரன்:
வணக்கம் பெரியவரே. 31 வருடம் ஃபேக்டரியில் இருந்தீர்கள், சரி. உங்கள் கையால் எத்தனை தோட்டா கெட்டித்தீர்கள்? ஒன்று? அரை? நான் ஒரே கோடையில் ஆயிரத்துக்கு மேல் கெட்டித்திருக்கிறேன். தராசுத் தட்டில் மருந்தைக் கொட்டி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தும் ட்ரிக்ளர் குழாயை விரலால் உருட்டி, ஒவ்வொரு மருந்துக் குச்சியாக விழவிட்டு, கடைசி எண் 3, 4, 3 என்று ஆடுவதைக் கண் வலிக்கப் பார்த்தவன் நான். மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், மூச்சுக் காற்றுக்கே எண் மாறும். நாலைந்து குச்சி கூடினால் பத்தில் ஒரு கிரெயின் ஏறிவிடும். அந்த நாலைந்து குச்சியைப் பொறுக்கி எடுத்த தோட்டா ஒரே ஓட்டையில் போனது, எடுக்காதது போகவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், படித்ததை அல்ல. பத்தில் ஒரு கிரெயின் பத்தில் ஒரு கிரெயின்தான்.

கேத்திக்காரி:
நான் .22-ல் படுத்துச் சுடும் போட்டிக்குப் போகிறவள். அந்தத் தோட்டாவின் தீப்பற்றும் மருந்து விளிம்பிலேயே இருப்பதால் அதைத் திரும்பக் கெட்டிக்க முடியாது, அதனால் எனக்கு இதில் கை அனுபவம் இல்லை. ஆனால் ஒரு கேள்வி. "ஒரே ஓட்டை" என்றால் எத்தனை குண்டு சுட்டு? மூன்றா, ஐந்தா, பத்தா? எத்தனை தடவை? 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 10.4 மில்லிமீட்டர்தான். மூன்று குண்டு அதற்குள் விழுவது அடிக்கடி நடக்கும். அறுபதும் விழுவதில்தான் சங்கதி இருக்கிறது. துல்லியம் என்று நீங்கள் இரண்டு பேரும் எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் தெரிந்தால் நல்லது.

மேல்மலைக்காரன்:
தங்கச்சி, ஒரே ஓட்டை என்றால் ஒரே ஓட்டைதான்.

அருவங்காட்டுத் தாத்தா:
அம்மிணி கேட்டது நல்ல கேள்வி, அதற்கு வருகிறேன். முதலில் இந்த நாலைந்து குச்சிக் கதையை முடித்துவிடுகிறேன்.

அந்தக் குச்சி என்ன என்றாவது இவருக்குத் தெரியுமா? நைட்ரோசெல்லுலோஸ் மாவைப் பிசைந்து, முறுக்கு அச்சில் பிழிவது மாதிரி பிழிந்து, பொடியாக நறுக்கியது. நடுவில் ஊசி முனை அளவு துளை இருக்கும், வெயிலில் பிடித்துப் பார்த்தால் தெரியும். அது அழகுக்கு வைத்த துளை இல்லை. வெளிப்புறம் எரிந்து குச்சி சிறுக்கும்போது உள்துளை எரிந்து பெரிதாகும், எரிகிற பரப்பு ஏறக்குறைய ஒரே அளவாக நிற்கும். துளை இல்லாத பந்து மருந்தில் எரிய எரிய பரப்பு குறையும், அதனால் மேலே ஒரு பூச்சுப் பூசி ஆரம்பத்தில் மெதுவாக எரிய வைப்பார்கள். எந்த மருந்து என்பது உறையின் கொள்ளளவையும் குண்டின் எடையையும் பொறுத்த விஷயம். சின்ன உறை, லேசான குண்டு என்றால் வேகமாக எரிவது வேண்டும். .22-250 தோட்டா மாதிரி உறைக்குப் பெரிய வயிறு இருந்தால் கொஞ்சம் நிதானமாக எரிவது. இதைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டு பத்தில் ஒரு கிரெயின் சரியாக நிறுத்தால், தப்பைச் சரியாக நிறுத்தீர்கள் என்றுதான் அர்த்தம். ஒரு மருந்தின் அளவை இன்னொரு மருந்துக்குப் போட்டால் துப்பாக்கியோடு சேர்ந்து முகமும் போகும். அதனால்தான் தயாரித்தவன் போட்ட புத்தகத்தில் கீழ் அளவில் தொடங்கு என்று தலையில் அடித்துச் சொல்வார்கள்.

இன்னொன்று. மருந்து ஈரத்தை இழுக்கும், விடும். காய்ந்தால் கொஞ்சம் சூடாக எரியும், ஈரம் ஏறினால் மந்தம். எங்கள் குன்னூர்ப் பக்கம் ஜூலையில் துவைத்த சட்டை மூன்று நாள் காயாது. டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர் வந்து பத்தில் ஒரு கிரெயின் நிறுத்தால், அதில் எவ்வளவு மருந்து, எவ்வளவு மஞ்சு என்று அந்தத் தராசு சொல்லுமா? அதைவிட, தயாரிப்புத் தொகுதி மாறினாலே மருந்தின் வீரியம் கொஞ்சம் மாறும். புது டப்பா வாங்கினால் மறுபடி கீழேயிருந்து சரிபார்க்கிறார்களே, எதற்கு?

ஊட்டி வர்க்கி:
தாத்தா முறுக்கு என்றதும் பசிக்கிறது.

மேல்மலைக்காரன்:
மஞ்சு உங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமா? எங்கள் கொடைக்கானல் பக்கம் பூம்பாறைக்கு வந்து பாருங்கள், முன்னால் நிற்கிற மாடு தெரியாது. ஐடஹோ வறண்ட ஊர், அங்கே ஈரமே இல்லை, ஆகவே உங்கள் ஈர வாதம் அங்கே செல்லாது. பத்தில் ஒரு கிரெயின் அங்கே பத்தில் ஒரு கிரெயின்தான். 100 கெஜத்தில் தெரியாது என்கிறீர்கள். தரை அணிலை எவன் 100 கெஜத்தில் சுடுகிறான்? நாங்கள் சுட்டது 300.

கேத்திக்காரி:
300 கெஜம் என்றால் அண்ணா, மணிக்குப் பத்து மைல் பக்கக் காற்று 50, 55 கிரெயின் குண்டைக் கிட்டத்தட்ட ஒரு அடி தள்ளும். பத்தடி வேக வித்தியாசத்தால் வருவது அரை அங்குலம்கூட இல்லை. கேத்திப் பள்ளத்தாக்கில் காலை பத்து மணிக்கு மேல் 50 மீட்டரிலேயே காற்றுக் கொடியைப் பார்க்காமல் என்னால் விசையைத் தொட முடியாது. தராசைப் பார்த்த நேரத்தில் பாதியைக் கொடியைப் பார்க்கச் செலவிட்டிருந்தால்...

மேல்மலைக்காரன்:
அரை அங்குலம் இல்லை, ஆனால் இருக்கிறது அல்லவா? இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

கூடலூர் வக்கீல்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 1959 ஆயுதச் சட்டம் 5-வது பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், வீட்டு மேசையில் கெட்டிப்பதும் தயாரிப்புதான். 1972 வனவிலங்குச் சட்டம் வேறு இருக்கிறது. கேரட் தோட்டத்தில் எது வந்தாலும் துப்பாக்கியைத் தூக்க நமக்கு உரிமை இல்லை. இங்கே சின்னப் பசங்களும் படிக்கிறார்கள்.

அருவங்காட்டுத் தாத்தா:
வக்கீல் சார், இங்கே யாரும் கெட்டிக்கவில்லை, கெட்டிப்பதைப் பற்றிச் சண்டைதான் போடுகிறோம். அதற்கு உரிமம் வேண்டாம். சட்டம் எங்களுக்குப் புதிதும் இல்லை, நீலகிரிக்கு வேட்டை, மீன்பிடிப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1879-லேயே வந்துவிட்டது.

அதே 1879-ல்தான் இங்கிலாந்தின் உல்விச்சில் கிரீன்ஹில் என்ற கணக்கு வாத்தியார் குண்டின் நீளத்துக்கும், குண்டைச் சுழற்றக் குழலுக்குள் வெட்டிய வரியின் முறுக்குக்கும் சூத்திரம் போட்டார். மேல்மலைக்காரர் "குண்டு எதுவாக இருந்தாலும்" என்றாரே, அதற்குத்தான் வருகிறேன். பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கு உள்ள குழலில் 55 கிரெயின் குண்டு ஒழுங்காகச் சுழலும். அதே குழலில் 77 கிரெயின் நீள குண்டைப் போட்டால் பம்பரம் சாய்வது மாதிரி சாய்ந்து, காகிதத்தில் வட்டத்துக்குப் பதில் சாவித் துவாரம் போடும். மருந்தைப் பத்தில் ஒன்று என்ன, நூறில் ஒன்று நிறுத்தாலும் சாவித் துவாரம் சாவித் துவாரம்தான். எடைகூட இல்லை, நீளம்தான் கணக்கு. அப்புறம் செம்பு மேலுறை ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால் எடை நடுவில் நிற்காது, குழலை விட்டதும் கோணலாகத்தான் போகும். நல்ல மேலுறையில் செய்த 52 கிரெயின் இலக்குக் குண்டும், முனையில் பிளாஸ்டிக் மூக்கு வைத்த அணில் குண்டும் ஏன் விலை அதிகம் என்று யோசித்தாரா? மச்சான் வாங்கிக் கொடுத்திருப்பார், விலை தெரிந்திருக்காது.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் மேசைமேல் ரைஃபிளை வைத்து 100, 200 கெஜத்தில் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்கள் இருக்கிறார்களே, ஒரே ஓட்டை என்றால் அவர்கள்தான். அவர்களில் பெரும்பாலோர் மருந்தை நிறுப்பதே இல்லை! அளவுக் கருவியில் படி அளப்பது மாதிரி அளந்து கொட்டிவிட்டுப் போகிறார்கள். குண்டுக்கு மட்டும் உயிரை விடுவார்கள்.

மேல்மலைக்காரன்:
மச்சானை இழுக்காதீர்கள். பெஞ்ச்ரெஸ்ட்காரன் அளப்பது சின்னச் சின்னக் குச்சி மருந்து. பெரிய குச்சியை அளந்தால் கருவியில் சிக்கி "கரக்" என்று வெட்டுப்படும், கைப்பிடியிலேயே தெரியும், அளவு மாறும். அதனால்தான் நிறுக்க வேண்டும். கையால் செய்தவனுக்குத்தான் இது தெரியும். நீங்கள் வாசனை மட்டும் பிடித்தவர்.

அருவங்காட்டுத் தாத்தா:
வாசனை பிடித்தவன் கேட்கிறான், போன மாதம் நீங்கள் இங்கே படம் போட்டுப் பெருமையடித்தீர்களே, "இந்த மாதிரித் தராசில்தான் நிறுத்தேன்" என்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது நகைக்கடைத் தராசு, 0.01 கிராம் வரைக்கும்தான் காட்டும். 0.01 கிராம் என்றால் 10 மில்லிகிராம். பத்தில் ஒரு கிரெயின் ஆறரை. அந்தத் தராசால் உங்கள் பத்தில் ஒரு கிரெயினைப் பார்க்கவே முடியாது தம்பி!

ஊட்டி வர்க்கி:
அடேயப்பா.

கேத்திக்காரி:
😂

மேல்மலைக்காரன்:
"இந்த மாதிரி" என்றுதான் எழுதினேன், "இதே" என்று எழுதவில்லை. ஐடஹோவில் இருந்தது மருந்து நிறுக்கவே செய்த தராசு. படத்தில் இருப்பது பூண்டு விதை நிறுக்க நான் கொடைக்கானலில் வாங்கியது. அதுவும் இப்போது என்னிடம் இல்லை. பீன்ஸ் விதை நிறுக்க வேண்டும் என்று வர்க்கி வாங்கிக்கொண்டு போய் எட்டு மாதம் ஆகிறது.

ஊட்டி வர்க்கி:
ஏழு மாதம். பேட்டரி போய்விட்டது அண்ணா, சின்ன பேட்டரி இங்கே கிடைக்கவில்லை.

மேல்மலைக்காரன்:
சேரிங்கிராஸில் பேட்டரி கிடைக்கவில்லையா? ஊட்டி ஊரா காடா?

அருவங்காட்டுத் தாத்தா:
ஊட்டியைப் பேசாதீர்கள். 2240 மீட்டர் உயரம், கடல்மட்டத்தைவிடக் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிது, இங்கே சுட்டால் காற்றுத் தள்ளலும் குறையும், நீள குண்டுகூடக் கொஞ்சம் எளிதாக நிலைக்கும். மருந்தைவிடக் குண்டும் காற்றும் பெரிது என்பதற்கு இந்த மலையே சாட்சி.

மேல்மலைக்காரன்:
கொடைக்கானல் 2133. நூறு மீட்டருக்கு இவ்வளவு தலைக்கனமா?

அருவங்காட்டுத் தாத்தா:
நூற்றேழு. பத்தில் ஒரு கிரெயின் பார்க்கிறவர் ஏழு மீட்டரை விடலாமா?

கூடலூர் வக்கீல்:
மறுபடியும் சொல்கிறேன், 5-வது பிரிவு...

கேத்திக்காரி:
எத்தனை குண்டு சுட்டு ஒரே ஓட்டை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

அருவங்காட்டுத் தாத்தா:
வருகிறேன் அம்மிணி. முதலில் அவர் தராசுக்குப் பதில் சொல்லட்டும். அதுவரைக்கும் சோதனைப் பிரிவில் ஒரு தொகுதி மருந்தை எப்படி இன்னொரு தொகுதியோடு கலந்து வேகத்தைச் சமப்படுத்துவார்கள் என்று தனியாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், இரண்டு பாகமாகப் போடுகிறேன்.

மேல்மலைக்காரன்:
போடுங்கள், படிக்கமாட்டேன். வர்க்கி, தராசை ஞாயிற்றுக்கிழமைக்குள் கூரியரில் போடு. பேட்டரி இல்லாமலே போடு.