வெள்ளிப்பூச்சிக்கு அந்துருண்டையா, வசம்பா, வேறு வழியா?

கடலோரத்து வாசகி:
பெசன்ட் நகரில் தரைத்தள வீடு. ஐப்பசி மழைக்குப் பிறகு புத்தக அலமாரியில் ஒரே வெள்ளிப்பூச்சி. அப்பா கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொடர்கதைகளின் முதுகில் பசையைச் சுரண்டித் தின்றிருக்கிறது. கஞ்சி போட்ட புடவைகள் இருக்கும் பீரோவிலும் இரண்டு ஓடின. தட்டுக்கு நாலு அந்துருண்டை போட்டுவிடலாமா? வீட்டில் ஐந்து மாதக் குழந்தை இருக்கிறது.

பழஞ்சுவடி:
குழந்தை இருக்கும் வீட்டில் அந்துருண்டை வேண்டவே வேண்டாம் அம்மா. வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்று வையுங்கள். காய்ந்த வேப்பிலையும் போடலாம். எங்கள் தாத்தாவின் ஓலைச்சுவடிகள் அப்படித்தான் தப்பின.

ஈரச்சுவர்:
அந்துருண்டை பற்றி ஐயா சொன்னது முழுக்கச் சரி. அது நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியே சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தக் குறை இருப்பதே பல வீடுகளில் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008லேயே தடை செய்துவிட்டார்கள்.

ஆனால் வசம்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாசனை கொஞ்ச நாள் விரட்டும், அவ்வளவுதான். இந்தப் பூச்சி தேடி வருவது ஈரத்தை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போனால் அதற்குக் கொண்டாட்டம். உங்கள் தாத்தா சுவடிகளை அடிக்கடி எடுத்துத் துடைத்துக் கட்டியிருப்பார். காப்பாற்றியது அந்தக் கைதான் என்பேன்.

பழஞ்சுவடி:
துடைத்தார், மறுக்கவில்லை. எலுமிச்சைப்புல் எண்ணெயும் தடவினார். சுவடிக் காப்பகங்களில் இன்றும் தடவுகிறார்களே, வேலைக்காகாமலா? அப்புறம், மழைக்காலத்தில் சென்னைக் காற்றே 80 சதவீத ஈரத்தோடுதான் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் அதுதான் உள்ளே வரும். கடலைத் துடைக்கச் சொல்கிறீர்களா?

ஈரச்சுவர்:
நியாயமான கேள்வி. ஊர்க் காற்றை மாற்ற முடியாது, சுவரை மாற்றலாம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், அடித்தட்டைக் காலியாக விடுங்கள். எங்கே கசிவு என்று அந்தப் பூச்சியே காட்டும். மூன்று கண்ணாடிப் பாட்டில்களின் வெளிப்பக்கம் காகித டேப் சுற்றி, உள்ளே ஒரு சிட்டிகை கோதுமை மாவு போட்டு வேறு வேறு மூலையில் வையுங்கள். டேப்பைப் பிடித்து ஏறி உள்ளே விழும். வழவழப்பான கண்ணாடியில் திரும்ப ஏற முடியாது. ஒரு வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள்.

மருந்துத்தொட்டி:
பூச்சி மருந்து அடிப்பதுதான் என் தொழில். அதனாலேயே சொல்கிறேன், முதலில் என்னைப் போன்றவர்களைக் கூப்பிடாதீர்கள். ஸ்பிரே வெளியே ஓடுவதைக் கொல்லும். இடுக்கில் இருக்கும் முட்டை சில வாரத்தில் பொரிந்துவிடும். புத்தகத்தில் பட்டால் கறையும் விழும்.

ஒன்று கேட்க வேண்டும். தாள்களில் குண்டூசி குத்தியது போல் உருண்டை ஓட்டை இருக்கிறதா? இரண்டையும் ராமபாணம் என்றே சொல்கிறோம், ஆனால் துளைத்துக்கொண்டு போவது வண்டின் புழு. வெள்ளிப்பூச்சி மேலாகச் சுரண்டும். துளை இருந்தால் பாட்டிலில் ஒன்றும் சிக்காது. அந்தப் புத்தகத்தை மட்டும் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பின் ஒரு நாள் பையைப் பிரிக்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும்.

கடலோரத்து வாசகி:
எட்டு நாள் கழித்து எழுதுகிறேன். துளை எதுவும் இல்லை, சுரண்டல்தான். ஜன்னல் பக்கப் பாட்டிலில் ஒன்றும் இல்லை, பீரோ அடியில் ஒன்று. குளியலறைச் சுவரை ஒட்டிய மூலையில் மட்டும் ஒன்பது! அங்கே தொட்டுப் பார்த்தால் சுண்ணாம்பு கையோடு வருகிறது. சனிக்கிழமை பிளம்பர் வருகிறார்.

பழஞ்சுவடி:
குழாயைச் சரி செய்யுங்கள், நல்லது. பீரோவில் வசம்பையும் முடிந்து வையுங்கள். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஈரச்சுவர்:
வையுங்கள். ஆனால் பாட்டிலை எடுத்துவிடாதீர்கள். தை மாதம் எத்தனை விழுந்தது என்று இங்கே வந்து எழுதுங்கள்.