ஸ்கூலில் கொடுத்த இலவச சைக்கிளைக் கார் இடித்துவிட்டது, நஷ்டஈடு கேட்க முடியுமா?

புளிமண்டி, தர்மபுரி:

வணக்கம். எங்கள் ஊர் பென்னாகரம் ரோட்டில் இருக்கிறது. சனி, ஞாயிறு வந்தால் ஒகேனக்கல் போகிற கார்கள் இந்த ரோட்டில் எப்படிப் பறக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம் என் மகள் டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். பின்னால் பஸ்ஸை ஓவர்டேக் எடுத்த கர்நாடகா கார் ஒன்று, எதிரே லாரி வருவதைப் பார்த்ததும் சட்டென்று இடப்பக்கம் ஒடித்திருக்கிறது. பின் சக்கரத்தில் தட்டிப் பிள்ளை மண்ணில் விழுந்துவிட்டாள். முழங்கையிலும் முட்டியிலும் சிராய்ப்பு, சாமி புண்ணியத்தில் வேறொன்றும் இல்லை. சைக்கிள்தான் போய்விட்டது. பின் வீல் முழுக்கக் கோட்டம், கேரியர் ஒடிந்துவிட்டது, மட்கார்டு நசுங்கிவிட்டது, ஃப்ரேமும் பின்பக்கம் வளைந்திருக்கிறது.

காரில் வந்தவர் இறங்கி 500 ரூபாயை நீட்டினாராம். மகள் வாங்கவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் வண்டி நம்பரையும் அவர் போன் நம்பரையும் வாங்கி வைத்தார்கள். ராத்திரி நான் பேசினேன். தமிழ் நன்றாகவே பேசுகிறார். "கவர்மென்ட் சும்மா கொடுத்த சைக்கிள்தானே, அதற்கு என்ன நஷ்டஈடு? பில் இருக்கிறதா? சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா?" என்கிறார். பிளஸ் ஒன்னில் எல்லாருக்கும் கொடுத்த அதே சைக்கிள்தான், நான் மறைக்கவில்லை. அதற்காக? ரேஷன் அரிசியும் சும்மாதான் தருகிறார்கள், அதில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் போகலாமா?

ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிட்டேன். சைக்கிள் கடையில் 2,900 ஆகும், ஆனால் ஃப்ரேமுக்கு கேரண்டி தர முடியாது என்கிறார்கள். நான் புளி வாங்கிக் கொட்டை எடுத்து விற்கிற சின்ன வியாபாரி. கோர்ட் கேஸ் என்று அலைய நேரமில்லை, ஆனால் விடவும் மனசில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராயக்கோட்டை தக்காளி:

அண்ணா, தப்பா நினைக்காதீங்க, அந்த 500-ஐ வாங்கியிருக்கலாம். பெங்களூர் வண்டி தொப்பூர் பக்கமோ கிருஷ்ணகிரி பக்கமோ தாண்டிவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. போன் எடுக்கிறாரே, அதுவே பெரிய விஷயம்.

கோட்டம் எடுப்பவர், கிருஷ்ணகிரி:

நான் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். முதலில் ஒன்று: சைக்கிளில் இன்னும் கை வைக்காதீர்கள். பிரிக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், ஃப்ரேம் வளைந்த இடத்தைக் கிட்டத்தில் எடுங்கள். கடைக்காரரிடம் வாய்க்கணக்கு வேண்டாம். கடை பெயர் அச்சடித்த தாளில் ரிம், ஸ்போக்ஸ் கம்பி, டயர், ட்யூப், கேரியர், மட்கார்டு, கூலி என்று தனித்தனியாக எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு வாங்குங்கள். "மொத்தம் 2,900" என்று ஒரு வரி இருந்தால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

அப்புறம் ஃப்ரேம். பெண்டு எடுத்துத் தருகிறேன் என்பார்கள். அந்தக் குழாய் ஒரு தடவை மடங்கிவிட்டால் அந்த இடம் வலு இழந்துவிடும், என்றைக்காவது அங்கேயே விரிசல் விடும். பொம்பளைப் பிள்ளை ஓட்டுகிற வண்டி, ஃப்ரேமை மாற்றுங்கள், அந்தச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். கழற்றின பழைய சாமானைத் தூக்கிப் போடாதீர்கள்.

கோர்ட் குமாஸ்தா, தர்மபுரி:

வக்கீல் ஆபீஸில் விபத்து கேஸ் கட்டுகளோடுதான் என் பிழைப்பு. அவர் கேட்ட மூன்று கேள்வியும் உங்களைப் பேசாமல் இருக்கவைக்கத்தான்.

சைக்கிள் இலவசமாக வந்ததா, காசு கொடுத்து வாங்கியதா என்பது விஷயமே இல்லை. இடிபட்ட அன்று அது உங்கள் மகளுடையது, அதற்கு ஒரு மதிப்பு இருந்தது, அது கெட்டுவிட்டது. அவ்வளவுதான். பில் இல்லையென்றால் தலைமையாசிரியரிடம் "இந்த மாணவிக்கு இந்த ஆண்டு சைக்கிள் வழங்கப்பட்டது" என்று ஒரு கடிதம் கேளுங்கள். பழைய சைக்கிளுக்குப் புது சைக்கிள் விலை முழுதாகக் கிடைக்காது, தேய்மானம் பார்ப்பார்கள். அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் இருக்க வேண்டியது அவர் காருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவுப்படி மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் ரோட்டில் ஓட்டவே கூடாது. அந்தக் காப்பீடு ஆளுக்கு அடிபட்டால் மட்டும் இல்லை, அடுத்தவர் பொருள் சேதமானாலும் பொருந்தும். தனியார் காருக்கு வழக்கமான பாலிசியில் பொருள் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை உண்டு. பிரீமியம் குறையட்டும் என்று வரம்பைக் குறைத்து எடுத்திருந்தால்கூட 6,000 வரை இருக்கும். கர்நாடகா பாலிசி இங்கேயும் செல்லும். எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் கம்பெனிக்கு நீங்கள் போன் போட்டதும் பணம் வராது. முறையான வழி மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். இங்கே நடந்த விபத்து, நீங்களும் இங்கே குடியிருக்கிறீர்கள், அதனால் தர்மபுரியிலேயே போடலாம், பெங்களூர் போக வேண்டாம். ஓட்டுநர், வண்டி உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி என்று எதிர்மனுதாரர்களைச் சேர்ப்போம். சி.எஸ்.ஆர். என்பது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதுதான், எப்.ஐ.ஆர். இல்லை, தீர்ப்பாயம் போவதாக இருந்தால் எப்.ஐ.ஆர். போடச் சொல்லி வற்புறுத்துங்கள்.

சிராய்ப்புதானே என்று விடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, கார் மோதி விழுந்தது என்று பதிவு செய்ய வைத்து, அந்த விபத்துப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) வாங்குங்கள். காயம் பதிவில் இருந்தால் கேஸின் கனமே வேறு.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் சொந்த அபிப்பிராயம்: நாலாயிரம், ஐயாயிரத்துக்குத் தீர்ப்பாயம் போனால் உங்கள் வியாபாரம்தான் கெடும். கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. அங்கே வழக்கு போடும் முன்பே லோக் அதாலத்துக்கு, அதாவது பேசித் தீர்க்கிற மக்கள் நீதிமன்றத்துக்கு, மனு கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. பெண்கள், குழந்தைகள் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீலும் கிடைக்கும். அவர்களே எதிராளிக்கு நோட்டீஸ் அனுப்புவார்கள். பேசி முடிந்தால் அந்த உத்தரவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் இல்லை.

ராயக்கோட்டை தக்காளி:

நோட்டீஸ் போனால் அவர் வருவாரா சார்? நான் வர மாட்டேன் என்றால்?

கோர்ட் குமாஸ்தா, தர்மபுரி:

வராமலும் போகலாம் தம்பி. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால்தான் லோக் அதாலத்தில் தீர்வு, கட்டாயப்படுத்த முடியாது. வரவில்லை என்றால் தீர்ப்பாயம் திறந்தே இருக்கிறது, 6 மாதத்தை மட்டும் கோட்டை விடக் கூடாது. என் அனுபவத்தில், கவர்மென்ட் முத்திரை போட்ட கவர் வீட்டுக்கு வந்தால் பாதிப் பேர் அன்றைக்கே போன் செய்துவிடுகிறார்கள். இன்சூரன்ஸ் காலாவதியான வண்டி என்றால் இன்னும் சீக்கிரம் வரும் போன்.

புளிமண்டி, தர்மபுரி:

எல்லாருக்கும் நன்றி. ஆப்பில் பார்த்தேன், இன்சூரன்ஸ் நடப்பில்தான் இருக்கிறது. ஃப்ரேமோடு சேர்த்து எழுதி வாங்கினால் 4,600 வருகிறது. போட்டோவையும் எஸ்டிமேட்டையும் சி.எஸ்.ஆர். ரசீதையும் வாட்ஸாப்பில் அனுப்பினேன். உடனே குரல் மாறிவிட்டது. "3,000 அனுப்புகிறேன், இனிமேல் எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள்" என்கிறார். எழுதிக் கொடுக்கலாமா? மகளுக்கு வயது 16.

கோர்ட் குமாஸ்தா, தர்மபுரி:

இப்போது வேண்டாம். முட்டியை டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு யோசியுங்கள். அப்போதும் "சைக்கிள் சேதத்துக்காக மட்டும் இவ்வளவு பெற்றுக்கொண்டேன்" என்று எழுதுங்கள், "எல்லாக் கோரிக்கைகளும்" என்ற வார்த்தை வரக் கூடாது. மைனர் என்பதால் காப்பாளராக நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், லோக் அதாலத் மனுவிலும் அப்படித்தான். மகளின் ஆதார் நகல், எஸ்டிமேட், போட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றிலும் இரண்டு செட் எடுத்துக்கொண்டு காலையிலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள்.