இம்பாக்ட் – ‘தாக்கம்’ போதுமா? கையேட்டுக்குச் சொல் வேண்டும்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

சமூக அமைப்புகள் தங்கள் பணியால் மக்கள் வாழ்விலும் உடல்நலத்திலும் என்ன மாறியது என்று தாங்களே அளந்து காட்ட உதவும் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வினாநிரல்கள், பதிவுப் படிவங்கள், எளிய கணக்குமுறைகள் எல்லாம் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை பக்க வடிவமைப்புக்குப் போகிறது. இன்புட், ஆக்டிவிட்டி, அவுட்புட், அவுட்கம், இம்பாக்ட் என்ற ஐந்து படிகளின்மேல்தான் நூல் முழுதும் நிற்கிறது. முறையே இடும் பணமும் உழைப்பும், செய்யும் வேலை, அதில் முடிந்தவை, அதனால் வந்த மாற்றம், நீண்டகால மாற்றம் என்று கொள்ளலாம். இவற்றுக்கு உள்ளீடு, செயல்பாடு, வெளியீடு, விளைவு, தாக்கம் என்று வைத்து, தன்னார்வலர் சிலரிடம் படிவத்தைக் கொடுத்துப் பார்த்தேன். முதியோர் நடைப்பயிற்சிக் குழுவை நடத்தும் ஒருவர் ‘வெளியீடு’ கட்டத்தில் “துண்டறிக்கை ஒன்று” என்றும், ‘தாக்கம்’ கட்டத்தில் “மழையால் வகுப்பு நின்றது, ஒருவருக்கு முழங்கால் வலி” என்றும் எழுதித் தந்தார். அவர் எழுதியதில் பிழையே இல்லை. தமிழில் அந்தச் சொற்களுக்கு அதுதானே பொருள்? மாற்றுச் சொல் தாருங்கள்.

– மா.

*

மா. அவர்களுக்கு,

ஆக்கு–ஆக்கம், ஊக்கு–ஊக்கம் போலத் தாக்கு–தாக்கம். “பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து” என்ற இடத்தில் ஆட்டுக்கடா பின்வாங்கிப் பாய்ந்து முட்டுவதே தாக்கு. உடல்நலத் துறையில் ‘நோய்த்தாக்கம்’ ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. ‘உடல்நலத் தாக்கம்’ என்றால் ஏதோ பரவிவிட்டது என்றுதான் காதில் விழும்.

வள்ளுவர் இந்தச் சங்கிலியை நமக்கு எப்போதோ வகுத்துத் தந்துவிட்டார்: “அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்.” அழிவது (செலவாவது) இன்புட், ஆவது அவுட்கம், வழிபயக்கும் ஊதியம் (பின்னர் தரும் பயன்) இம்பாக்ட். பயத்தல் என்ற வினை கையில் இருக்க வடசொல்லான ‘பலன்’ வரை போக வேண்டியதில்லை. என் பரிந்துரை: வழிப்பயன்.

– இரா.

*

இரா. ஐயா, குறள் பொருத்தம் அழகு. ஆனால் ‘வழிப்பயன்’ என்றால் பயணத்தில் கிடைப்பது என்றே இன்றைய வாசகர் எடுத்துக்கொள்வார். வழிச்செலவு, வழித்துணை எல்லாம் அப்படித்தானே நிற்கின்றன?

ஆங்கிலச் சொல்லும் இலத்தீனில் மோதுவதிலிருந்து வந்ததுதான். அவர்கள் பழகிக்கொண்டார்கள், நாமும் பழகிவிட்டோம். ‘பாரதியின் தாக்கம்’ என்றால் பாரதி யாரையோ அடித்தார் என்று எவரும் கொள்வதில்லை. ஆய்வறிக்கைகள் எல்லாவற்றிலும் தாக்கம் இருக்கும்போது இந்தக் கையேட்டில் மட்டும் வேறு சொல் வந்தால், நிதி தருபவரின் படிவத்தைப் பார்க்கும் சிறு அமைப்பு குழம்பும். அவுட்கமுக்கு வேண்டுமானால் இலங்கைப் பாடத்திட்டத்தில் உள்ள ‘பேறு’ நல்ல சொல். கற்றற்பேறு அங்கே ஊன்றி நிற்கிறது.

– ந.

*

தாய்-சேய் நலப் பணியில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், ‘பேறு’ எங்களுக்கு ஆகாது. மகப்பேறும் பேறுகாலமும் உள்ள பக்கத்தில் ‘நலப்பேறு’ என்று போட்டால் எந்தப் பேறு என்று பெண்கள் கேட்பார்கள்.

‘பயன்’ என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) 2002-இல் வெளியிட்ட மதிப்பீட்டுச் சொற்கோவை, இம்பாக்ட் என்பதில் நல்லதும் கெட்டதும், நேரடியானதும் மறைமுகமானதும், எண்ணியதும் எண்ணாததும் அடங்கும் என்கிறது. மேலே சொன்ன முழங்கால் வலி அதில் வரத்தான் வேண்டும். ‘பயன்’ என்று தலைப்பிட்ட கட்டத்தில் தீங்கை யார் எழுதுவார்? எழுத இடம் தராத சொல்லைக் கொடுத்துவிட்டு, அமைப்புகள் நல்லதை மட்டுமே காட்டுகின்றன என்று பிறகு குறை சொல்வது நியாயமில்லை. மருத்துவத்தில் ‘பக்கவிளைவு’ என்பது எல்லாருக்கும் தெரிந்த சொல். விளைவு இரண்டு பக்கமும் தாங்கும்.

இன்னொன்று. விளைந்தது தன்வினை, விளைத்தது பிறவினை. ‘விளைவு’ என்றால் ஒன்று நேர்ந்தது என்றுதான் பொருள், நான்தான் செய்தேன் என்ற உரிமை அதில் இல்லை. ஒரு முதியவரின் தனிமை குறைந்தால் அதில் நடைக்குழுவுக்கும் பங்கு உண்டு, மகள் பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்ததற்கும் உண்டு, கண் அறுவைக்குப் பின் வெளியே போக முடிந்ததற்கும் உண்டு. நாங்கள் இல்லாவிட்டாலும் எவ்வளவு நேர்ந்திருக்கும் என்று கையேடே கேட்கச் சொல்கிறது. ‘தாக்கம்’ என்றால் தாக்கியவர் ஒருவர் வேண்டும்.

– க.

*

அம்மையார் சொன்ன தன்வினை நுட்பம் அருமை. விள் என்ற வேரைப் பாருங்கள்: விள்ளுதல் மலர்தல், திறத்தல். விள், விளை, விளங்கு, விளக்கு எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் துணிபு. உள்ளே இருந்தது வெளியே தெரிவதே விளைவு. அப்படியானால் விளைவைக் காட்டுவதை ‘விளக்கம்’ என்றே சொல்லிவிடலாம்! “உதவி வரைத்தன்று உதவி” என்ற குறளையும் முன்னுரையில் சேர்க்க வேண்டும். உதவியின் அளவைப் பெற்றவரிடம் தேடு என்பதுதானே இந்தக் கையேட்டின் கொள்கை?

– இரா.

*

ஐயா, ‘விளக்கம்’ வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். குறள் முன்னுரைக்குப் பொருந்தும்.

சொல்லைத் தாண்டி ஒரு எச்சரிக்கை. கையேட்டில் உலக சுகாதார அமைப்பின் மனநலன் அளக்கும் டபிள்யூஎச்ஓ-5 வினாநிரல் இருந்தால் அதில் நாம் கை வைக்கக்கூடாது. ஐந்து வாக்கியங்கள், கடந்த இரண்டு வாரம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5, கூட்டி நான்கால் பெருக்கினால் 100-க்கு வரும். அந்த எண்ணை மற்ற இடங்களோடு ஒப்பிடலாம் என்பதுதான் அதன் மதிப்பே. ‘உற்சாகம்’ வடசொல் என்று நாம் ‘ஊக்கம்’ என்று மாற்றினால் கேள்வியே வேறாகிவிடும். சரிபார்க்கப்பட்ட பெயர்ப்பு இருந்தால் அதை அப்படியே எடுங்கள். கலைச்சொல் ஆர்வம் அங்கே செல்லாது.

– தி.

*

அனைவருக்கும் நன்றி. வெள்ளி நெருங்கிவிட்டதால் இப்படி வைக்கிறேன். அவுட்புட்டுக்கு ‘செய்து முடித்தவை’. கலைச்சொல்லாக இல்லைதான், ஆனால் இரண்டாம் முறை கொடுத்தபோது அந்த நடைக்குழு நண்பர் அங்கே வகுப்புகளையும் வந்தவர்களையும் எழுதினார். அவுட்கம் விளைவு, இம்பாக்ட் நெடுவிளைவு. ந. கேட்டபடி ‘பிற அறிக்கைகளில் தாக்கம்’ என்று சொல்லடைவில் குறிப்பு இருக்கும். வினாநிரலைத் தொடவில்லை.

– மா.

*

நெடு என்பது காலத்தை மட்டும் சொல்கிறது. ஒரே நாளில் ஆழமாக மாறிய வாழ்வை எங்கே எழுதுவது? ‘ஆழ்விளைவு’ என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். ஆனாலும் அச்சுக்குத் தடையில்லை, மா.

– க.

*

என் கட்டுரைகளில் வழிப்பயன் தொடரும். அடுத்து ‘சோஷியல் வேல்யூ’ வரும் என்று நினைக்கிறேன். மதிப்பு, பெறுமதி, விழுமியம் மூன்றையும் இப்போதே பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. தனி இழை தொடங்குகிறேன்.

– இரா.