அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தால் பிள்ளைகள் எங்கே தங்குவது?

வைகைக்கரை:
மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிற ஒவ்வொரு ஊரிலும், பெற்றவர் படுத்துவிட்டால் பிள்ளைகள் பத்திருபது நாள் தங்க அரசே ஒரு வீடு நடத்த வேண்டும் என்கிறேன். எங்கள் தெருவில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் சொல்லி மாதக்கணக்காகிறது. பையனுக்கு ஒன்பது வயது, பெண்ணுக்கு நாலு. வார்டுக்குள் பிள்ளைகளை விடுவதில்லை, வந்து இருக்கச் சொந்தத்தில் ஆள் இல்லை, அங்கன்வாடி சாயங்காலத்தோடு சரி, ராத்திரிக்கு என்ன செய்வது? அதனால் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறார். சிறையில் இருக்கும் தாயோடு பிள்ளை ஆறு வயது வரை இருக்கலாம் என்று 2006-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆஸ்பத்திரிக்குப் போகும் தாயின் பிள்ளையைப் பற்றியும் யாராவது யோசிக்க வேண்டாமா?

சேலம் முகில்:
வழியே இல்லை என்று சொல்லாதீர்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில், பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் பெற்றவர் இருந்தால் அந்தப் பிள்ளையும் பராமரிப்பு தேவைப்படும் குழந்தைதான். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம், மாவட்டக் குழந்தைகள் நலக் குழு இடம் ஏற்பாடு செய்யும். ஆனால் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது, அதற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டனில் ஜேம்ஸ், ஜாய்ஸ் ராபர்ட்சன் தம்பதி 1969-இல் ஒரு படம் வெளியிட்டார்கள். அம்மா இரண்டாவது பிரசவத்துக்குப் போக, பதினேழு மாத ஆண் குழந்தை ஒன்று ஒன்பது நாள் காப்பகத்தில் இருந்தது. முதல் இரண்டு நாள் ஆளுக்கு ஆள் ஒட்டப் பார்த்தான், அப்புறம் அழுகை, அப்புறம் சாப்பாடே வேண்டாம் என்றான். கடைசியில் அம்மா வந்தபோது அவளிடமே போக மாட்டேன் என்று திமிறினான். அதே தம்பதி வேறு நாலு சின்னக் குழந்தைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள், ஒரு குழந்தை 27 நாள்கூட இருந்தது. ஏக்கம் இருந்தது, ஆனால் அவர்கள் இப்படி உடைந்து போகவில்லை. அதனால் கட்டடத்துக்குச் செலவு செய்யாதீர்கள், குடும்பங்களுக்குக் கொடுங்கள்.

வைகைக்கரை:
முகில், நீங்கள் சொன்னதே என் பக்கம்தான் பேசுகிறது. அந்தக் காப்பகத்தில் ஷிப்டு மாறி மாறி ஆயாக்கள் வந்தார்கள், எந்தப் பிள்ளைக்கும் இவர்தான் என்று ஒருவர் இல்லை. ராபர்ட்சன் வீட்டில் ஒரே ஆள் பார்த்தார், பிள்ளை முன்கூட்டியே வந்து பழகியது, வீட்டிலிருந்து அதன் சாமான்களைக் கொண்டுவந்தது, அப்பா வந்து பார்த்தார். இதையெல்லாம் எட்டுப் பத்துப் பிள்ளைகள் தங்கும் ஒரு சின்ன வீட்டிலும் செய்ய முடியும். நூறு பேர் படுக்கும் ஹாலை நான் கேட்கவே இல்லை.

கடலூர் அம்மா:
நான் பிள்ளைகளை ஹோமில் விட்டவள், அதனால் சொல்கிறேன். எனக்கு விபத்தாகி நடக்க முடியாமல் கிடந்தபோது பையனை ஒரு ஹோமிலும் பொண்ணை வேறு ஒரு ஹோமிலும் வைத்தார்கள். ஆண், பெண் தனித்தனி இல்லமாம். அம்மாவும் இல்லாமல் அண்ணனும் இல்லாமல் அவள் இருந்தாள், அந்த வயதில் அது எப்படி இருக்கும் என்று எழுதவே எனக்குக் கை வரவில்லை. திரும்பக் கூட்டிவரப் போனால் முகவரிச் சான்று, வீட்டு விசாரணை, அடுத்த வாரம் வாருங்கள். என் பிள்ளையைக் கேட்டு நானே கெஞ்ச வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அப்போதே வைத்துக்கொள்கிறேன் என்றார், ஆனால் அவருக்கும் கஞ்சிக்கே இழுபறி. அவர் கையில் ஒரு தொகையைக் கொடுத்திருந்தால் என் பிள்ளைகள் அதே பள்ளிக்கூடம் போய் அதே பாயில் படுத்திருக்கும்.

சேலம் முகில்:
அக்கா சொன்னதுதான் நானும் சொல்வது. குழந்தைகள் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு, பெற்றவர் விபத்தில் முடங்கினாலும் உயிருக்கு ஆபத்தான நோயில் கிடந்தாலும் கேட்கலாம். ஆனால் விசாரித்துக் கையெழுத்தாகி வருவதற்குள் ஆபரேஷன் முடிந்து தையலே பிரித்திருப்பார்கள். அவசரத்துக்கு உடனே கொடுக்கிற மாதிரி மாற்ற வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தகுதியான நபர்களை முன்கூட்டியே விசாரித்து அங்கீகரிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஊர் வார்டு வாரியாக அந்தப் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். 2021 மே மாதம் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, நோயாளியைச் சேர்க்கும் படிவத்திலேயே பிள்ளைகளை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று எழுதி வாங்கச் சொல்லி ஒன்றிய குழந்தைகள் நல அமைச்சகம் கேட்டுக்கொண்டது. நல்ல யோசனை, அதை நிரந்தரமாக்கினால் என்ன?

தர்மபுரி டீச்சர்:
பக்கத்து வீடு பக்கத்து வீடு என்கிறீர்களே, அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று யார் பார்ப்பது? பதிவு பெற்ற இல்லத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஆய்வுக் குழு போயாக வேண்டும், அதில் ஒரு பெண்ணும் ஒரு டாக்டரும் இருக்க வேண்டும், அது சட்டம். பக்கத்து வீட்டுக்கு அப்படி யாரும் போவதில்லை. தெரிந்தவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று வகுப்பில் என்னிடம் வந்து சொன்ன பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்பு இருக்கிறது என்பதற்காக ஆறு வயதுப் பெண் பிள்ளையை ஒரு வீட்டில் விட்டுவிட என்னால் முடியாது. என் ஓட்டு வைகை சொல்லும் வீட்டுக்குத்தான், அண்ணன் தங்கையைப் பிரிக்கக் கூடாது என்ற விதியோடு.

வைகைக்கரை:
அதற்கு ஆதாரமும் இருக்கிறது டீச்சர். 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதலில், மூன்று வயதுக்குக் கீழே என்றால் குடும்பச் சூழல்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவசரத்துக்கும், குறுகிய காலத்துக்கும், உடன்பிறந்தவர்களைப் பிரிக்காமல் இருப்பதற்கும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள்.

சேலம் முகில்:
அந்த விலக்கை முழுசாகப் படியுங்கள். குறுகிய காலம் என்றால் எத்தனை நாள் என்பது முதலிலேயே தீர்மானமாகியிருக்க வேண்டும், குடும்பத்தோடு திரும்பச் சேர்ப்பதற்கோ வேறு நிரந்தர ஏற்பாட்டுக்கோ திட்டமும் இருக்க வேண்டும். நம் ஊரில் சறுக்குவது அங்கேதான். பத்து நாள் என்று விட்ட பிள்ளை பள்ளிக்கூட வருஷம் முடியட்டும் என்று அங்கேயே நிற்கிறது, அம்மாவுக்கும் மூன்று வேளைச் சோறாவது கிடைக்கிறதே என்று தோன்ற ஆரம்பிக்கிறது. திரும்பும் தேதியை உத்தரவிலேயே எழுதி, நீட்டிக்க வேண்டுமென்றால் அம்மாவை நேரில் பார்த்து விசாரித்துப் புது உத்தரவு போட வேண்டும் என்று ஆக்கினால், நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு உங்கள் வீட்டை நான் எதிர்க்க மாட்டேன். அதற்குக் கீழே என்றால் இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கடலூர் அம்மா:
நாலு வயதுக்கு மேலே என்றால் மட்டும் தாங்குமா தம்பி? என் பொண்ணுக்கு அப்போது ஐந்து.

வைகை, அந்தப் பெண்ணை ஆபரேஷன் தேதி கிடைத்த உடனே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குக் கூட்டிப் போங்கள். அட்மிட் ஆன பிறகு போனால் எல்லாமே அவசரத்தில் நடக்கும், யாரும் அவரைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும், இந்தத் தேதியில் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று மனுவில் எழுதி, நகலில் கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.