கவர் வெர்ஷன் என்பதற்கு ‘வழியிசை’: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒருவர் முன்பே வெளியிட்ட பாடலை இன்னொருவர் தம் பாணியில் பாடியோ வாசித்தோ பதிவதுதான் கவர் வெர்ஷன். தமக்குப் பிடித்த கவர் வெர்ஷன்களை ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்த உரையாடல், அவற்றைத் தமிழில் என்னவென்று அழைப்பது என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. மேலுறைப் பாடல், நகல்பாடல், மீள்பதிவு, மறுபாடல் என இதுவரை நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இங்கே பேசப்பட்ட பாடல்களையே உரைகல்லாக வைத்து அவற்றை உரசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

‘மேலுறை’யை எளிதில் ஒதுக்கிவிடலாம். அமெரிக்க இசைத்தட்டு வணிகத்தில், ஒரு நிறுவனத்தின் தட்டு நன்றாக விற்கத் தொடங்கியதும் போட்டி நிறுவனம் அதே பாடலை வேறொருவரைப் பாடவைத்து வெளியிடும் வழக்கம் இருந்த காலத்தில் பரவிய ‘கவர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நேர் பெயர்ப்பு அது. 1955இல் கறுப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்ட் பாடி வெளிவந்த ‘டூட்டி ஃப்ரூட்டி’யை, 1956இல் வெள்ளையினப் பாடகர் பாட் பூன் வெள்ளை இளைஞர்களுக்கு ஏற்றவாறு பதமாக்கிப் பாடி வெளியிட்டது பலருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு. அந்த வணிகச் சூழல் மறைந்தபின் சொல்லுக்குள் இருக்கும் உறையையும் மூடியையும் நாம் சுமந்து திரிய வேண்டியதில்லை.

‘நகல்’ என்பதில் எனக்குள்ள மறுப்பு இன்னும் கடுமையானது. ஓட்டிஸ் ரெடிங் 1965இல் எழுதிப் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ பாடலில், வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண் தனக்குரிய மரியாதையைக் கேட்கிறான். அரீத்தா ஃப்ராங்க்ளின் 1967இல் அதைப் பாடியபோது கேட்பவள் பெண்ணாகிறாள். தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரிக்கும் பகுதியும் பின்னணிக் குரல்களின் குறும்பான அடுக்கும் புதிதாகச் சேர்கின்றன. இன்று அந்தப் பாடலை முணுமுணுக்கும் எவரும் முதலில் முணுமுணுப்பது ரெடிங்கின் பதிவில் இல்லாத அந்த எழுத்துக்கூட்டலைத்தான். இதை நகல் என்று அழைத்தால், கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

‘மீள்பதிவு’ வேறொன்றுக்கு வேண்டியிருக்கிறது. ஒரு பாடகர் தம் பழைய பாடலைத் தாமே மறுபடியும் ஒலிப்பதிவு செய்வதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அண்மைக் காலத்தில் டெய்லர் ஸ்விஃப்ட் தம் பழைய தொகுப்புகளைத் திரும்பப் பதிந்து வெளியிட்டதால் அந்தப் பொருளுக்குத் தேவையும் கூடியிருக்கிறது.

எஞ்சியிருக்கும் ‘மறுபாடல்’ தான் பலருடைய ஆதரவையும் பெற்றிருக்கிறது. மறுபதிப்பு, மறுவாசிப்பு ஆகியவற்றோடு ஒத்துப்போவது அதன் வலிமை. ஆனால் மறுமொழி, மறுப்பு ஆகியவையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், ஒரு பாடலுக்குப் பதிலாக எழுதப்படும் எதிர்ப்பாட்டு என்றும் அதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு. அதைவிடப் பெரிய இடர், பாடப்படாத கவர் வெர்ஷன்கள் ஏராளமாக இருப்பது. சாக்சபோனிலோ பியானோவிலோ மட்டும் வாசிக்கப்பட்ட ஒன்றை ‘மறுபாடல்’ என்று சொல்ல நா எழவில்லை.

இங்கேதான் நமக்குப் பழைய இலக்கணம் கைகொடுக்கிறது. நன்னூல், நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பகுத்து, வழிநூலுக்கு வரையறை சொல்லும்போது ‘முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி’ என்கிறது. முன்னவர் முடிவோடு ஒத்திருக்க வேண்டும். பின்வந்தவர் தாம் விரும்பிய வேறுபாட்டையும் காட்ட வேண்டும். நூலுக்குச் சொன்னதுதான் என்றாலும், கவர் வெர்ஷனுக்கு இதைவிடச் செறிவான இலக்கணத்தை நான் எங்கும் படித்ததில்லை. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 115ஆம் பிரிவும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் கிழிக்கிறது: கட்டாய உரிமத்தின்கீழ் (உரிமையாளரின் தனி இசைவின்றியே, சட்டப்படி கட்டணம் செலுத்திப் பெறுவது) பாடலைப் பதிபவர் தம் பாணிக்கேற்ப இசையமைப்பை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அடிப்படை மெட்டையும் பாடலின் இயல்பையும் மாற்றக் கூடாது.

‘பின்னோன் வேண்டும் விகற்பம்’ எவ்வளவு சிறியதாக இருக்க முடியும் என்பதற்கு ‘ஹர்ட்’ நல்ல சான்று. நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவின் 1994ஆம் ஆண்டுத் தொகுப்பில் இறுதிப் பாடலாக வந்த அதை, ஜானி கேஷ் 2002இல் தம் முதுமையில் பாடினார். மெட்டு அதேதான். வரிகளில் மகுடத்தைப் பற்றிய ஓர் இடத்தில் மூலத்திலிருந்த இழிசொல்லை எடுத்துவிட்டு அதை முள்முடியாக்குகிறார். அந்த ஒரு சொல்லும், தளர்ந்த குரலும், இறுதியை நோக்கி மேன்மேலும் அழுத்தமாக ஒலிக்கும் பியானோவும் சேர்ந்து, இளைஞன் ஒருவனின் தன்வெறுப்பாக இருந்ததைச் சாவை எதிர்நோக்கும் முதியவரின் கணக்குத் தீர்ப்பாக ஆக்கிவிடுகின்றன. என் விருப்பத்தைக் கேட்டவர்களுக்கு: இதுவரை பேசப்பட்டவற்றுள் நான் முதலிடம் தருவது இதற்கே.

முதலில் ‘வழிப்பாடல்’ என்றே சொல்லலாமா என்று எண்ணினேன். வாய்விட்டுச் சொன்னால் அது ‘வழிபாட்டுப் பாடல்’ என்று காதில் விழுகிறது. எனவே ‘வழியிசை’ என்று முன்மொழிகிறேன். கருவியிசையையும் இது உள்ளடக்கும்; வினையாகவும் எளிதில் வளைந்துகொடுக்கும். ‘பாப் டிலன் 1967இல் பதிந்த ‘ஆல் அலாங் த வாட்ச்டவர்’ பாடலை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1968இல் வழியிசைத்தார்’ என்று எழுதிப் பார்த்தால் தடங்கல் ஏதும் தெரியவில்லை. வழியிசைக் குழு, வழியிசைத் தொகுப்பு என்று தொடர்களும் அமைகின்றன. ‘இணையவழி இசை’ போன்ற தொடர்களோடு குழம்பாதா என்று கேட்கலாம். சேர்த்து எழுதும் வழக்கத்தை உறுதியாகக் கடைப்பிடித்தால் அது பெரிய இடையூறாகாது.

இதற்கு இணையாக மூலத்தைக் குறிக்க ‘முதற்பதிவு’ என்ற சொல்லையே பயன்படுத்துவோம், ‘மூலப்பாடல்’ வேண்டாம். ஷினேட் ஓ’கானர் 1990இல் புகழ்பெறச் செய்த ‘நத்திங் கம்பேர்ஸ் டு யூ’வை எழுதியவர் பிரின்ஸ், 1985இல் முதலில் வெளியிட்டது த ஃபேமிலி என்ற குழு. மூலம் என்றால் இவற்றுள் எது என்ற வழக்கு ஓயாது. முதற்பதிவு என்பதை முதலில் வெளியான பதிவு என்று கொண்டால் ஐயத்துக்கு இடமில்லை.

வழியிசைக்கு வழியிசையாக வருபவற்றுக்குத் தனிச்சொல் வேண்டுமா என்பது மட்டும் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. லெனர்ட் கோஹனின் ‘ஹல்லேலூயா’வை (1984) ஜான் கேல் 1991இல் வேறு சில கண்ணிகளைத் தேர்ந்து பியானோவோடு பாட, ஜெஃப் பக்லி 1994இல் ஒற்றை மின்கிதாருடன் பாடியது கேலின் வடிவத்தை ஒட்டித்தான். முதல்நூல், வழிநூல் இரண்டிலிருந்தும் ஒரு பகுதியை எடுத்து வேறுபட்டு நிற்பதைச் சார்புநூல் என்பார்கள் என்றாலும், ‘சார்பிசை’ என்ற சொல்லைப் பிறர் பதிவிலிருந்து ஒரு துணுக்கை வெட்டியெடுத்துப் புதிய பாடலில் பொருத்தும் சாம்ப்ளிங்குக்கு ஒதுக்கிவைப்பதே மேல் என்பது என் கருத்து. பக்லியுடையதையும் வழியிசை என்றே பதிந்துவிட்டு, யாருடைய வடிவத்தை ஒட்டியது என்பதை விளக்கத்தில் குறித்தால் போதும்.

மறுப்பு உடையவர்கள் வேறு சொல்லை முன்வைக்கும்போது, அதை வினையாக ஆளும் ஒரு வாக்கியத்தையும், குரலே இல்லாத ஒரு பதிவுக்கு அது பொருந்துகிறதா என்பதையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன்.